கட்டிலடியில் ஒரு முன்சக்கரம்

என் வீட்டுக்காரர் யாரையும் நம்பமாட்டார். மருந்துக் கடைக்காரர் மாத்திரையை எண்ணிக் கொடுத்தால் அவர் எதிரிலேயே இவர் மறுபடி எண்ணுவார். கடிகாரத்தைக்கூடப் பக்கத்து வீட்டுக் கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் மணி சொல்லுவார். ஆலயக் காவலாளிக்கு இது வேண்டிய குணம்தான் என்று வந்த போதகர்கள் எல்லாரும் சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்களுக்கென்ன, இந்த மனிதரோடு குடும்பம் நடத்தியது நான்.

ஆரம்பத்தில் அவர் இப்படி இல்லை. கல்யாணமான புதிதில் கதவைத் திறந்துபோட்டுக் குறட்டை விட்டவர். எங்கள் மூன்றாவது பிள்ளை பிறந்த வருஷம் ஆலயத்து வெள்ளிக் கிண்ணம் காணாமல் போயிற்று. முந்தின இரவு சைக்கிளில் வந்த ஒருவன் அங்கே தங்கிவிட்டுப் போயிருந்தான். அவனை எங்கே போய்த் தேடுவது? கையெட்டும் தூரத்தில் இருந்தவர் இவர்தான். கமிட்டிக்காரர்கள் நான்கு பேர் ஆலயத்துக்குப் பின்னால் இருக்கும் எங்கள் ஒற்றை அறைக்கு வந்தார்கள். "சும்மா ஒரு பார்வை பார்த்துட்டுப் போறோம்" என்று சொல்லிக்கொண்டே அரிசி டின்னுக்குள் கைவிட்டுத் துழாவினார்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். கிண்ணம் கடைசிவரை கிடைக்கவில்லை. வேலையை விட்டு நிறுத்தவில்லை, ஆனால் நீ எடுக்கவில்லை என்றும் யாரும் சொல்லவில்லை. அன்றைக்கு வாசலில் நின்று நான் போட்ட சண்டையில் அந்த நாலு பேரும் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினார்கள்.

சூடு கண்ட பூனை ஆகிவிட்டார் மனிதர். ஆனால் சைக்கிள்காரர்கள் வருவது நிற்கவில்லை. எங்கள் ஆலயம் நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கிறது. அடுத்த ஊருக்கு அறுபது கிலோமீட்டர். தேசம் தேசமாகச் சைக்கிள் மிதிக்கிறவர்கள், எந்த ஆலயத்தில் படுக்க இடம் தருவார்கள் என்று ஒருவருக்கொருவர் சொல்லி வைத்திருப்பார்களாம். கேட்டு வருகிறவருக்குப் பாடகர் அறையில் ஒரு ராத்திரி இடம் உண்டு என்பது பழைய போதகர் போட்ட விதி. அதை மீற முடியாத இவர், சொந்தமாக ஒரு விதி போட்டார். வந்ததும் சைக்கிளின் முன்சக்கரத்தைக் கழற்றி வாங்கிக்கொள்வார். ராத்திரி அது எங்கள் கட்டிலடியில் இருக்கும். காலையில் மைக், நாற்காலி, பாட்டுப் புத்தகம் எல்லாம் சரிபார்த்த பிறகுதான் சக்கரம் திரும்பப் போகும். எத்தனை நாட்டுச் சேற்றை நான் அந்தக் கட்டிலடியிலிருந்து பெருக்கித் தள்ளியிருக்கிறேன்!

ஓய்வுபெற எட்டு மாதம் இருக்கும்போது இப்போதைய போதகர் கூப்பிட்டு ஒன்று சொன்னார். இன்னொரு முறை ஏதாவது காணோம் என்று பேச்சு வந்தால் கமிட்டியைத் தன்னால் சமாளிக்க முடியாது, அறையைக் காலி செய்துவிட்டுக் கெட்ட பேரோடுதான் போகவேண்டியிருக்கும் என்றார். அதற்கப்புறம் இவர் ஆலயத்து விளக்குமாற்றைக்கூடப் பூட்டி வைத்தார்.

அந்த மாதமே ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் புதிதாக ஒரு சைக்கிள்காரர் வந்தார். வெளிநாட்டுத் தமிழர், ஐம்பது வயது இருக்கும். மூக்குக்கண்ணாடிக் கடையை விற்றுவிட்டு ஊர் சுற்றக் கிளம்பியவராம். கடையை விற்றுவிட்டு எவனாவது சைக்கிள் மிதிப்பானா என்று இவருக்குச் சந்தேகம். சக்கரத்தைப் பிடுங்கிக்கொள்ளும் காவலாளி எந்த ஊரிலாவது உண்டா என்று அவருக்குச் சந்தேகம். நான் கொடுத்த தண்ணீரை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் குடித்தார். ராத்திரி பாடகர் அறைக் கதவுக்கு உள்பக்கம் பெஞ்சை இழுத்து முட்டுக் கொடுக்கும் சத்தம் கேட்டது. இங்கே இவர் கட்டிலில் படுத்தபடியே கையைக் கீழே விட்டுச் சக்கரம் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். பாம்பின் கால் பாம்பறியும் என்று நினைத்து நான் சிரித்துக்கொண்டேன்.

சனிக்கிழமை காலையில் பீடத்து விரிப்பைத் துவைப்பது என் வேலை. விடிந்ததும் விரிப்பைச் சுருட்டி எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போய் உதறினேன். காலடியில் ஒரு பாஸ்போர்ட் விழுந்தது. திறந்தால் கண்ணாடிக் கடைக்காரர் முகம்.

சக்கரம் போதாதென்று இந்த மனுஷன் இதையும் எடுத்து ஒளித்துவைத்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன். வேறு எதுவும் தோன்றவில்லை. சைக்கிள்காரர் குளியலறையில் இருந்தார். ஓடிப்போய் அவருடைய பையின் மேல் உறையில் அதைச் செருகிவிட்டு வந்து, ஒன்றும் தெரியாதவள் மாதிரி விரிப்புக்குச் சோப்புப் போட்டேன்.

கொஞ்ச நேரத்தில் ஆலயத்துக்குள் காலடிச் சத்தம் அங்குமிங்கும் ஓடியது. காலை ஜெபத்துக்கு வந்த போதகரிடம் சைக்கிள்காரர் பாஸ்போர்ட் காணோம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். பையைப் பார்க்கச் சொன்னார் போதகர். பையில் இருந்தது. அதோடு முடியும் என்று நினைத்தேன். முடியவில்லை.

"இதை நான் பைல வைக்கல" என்றார் சைக்கிள்காரர். "சக்கரத்தையே எடுத்துக்கிற ஆளு, பையையும் பாப்பாருன்னு பயந்து, பீடத்து விரிப்புக்கு அடியில நானேதான் ஒளிச்சு வச்சேன். யாரோ எடுத்திருக்காங்க. நான் தேடுறதப் பாத்துட்டுத் திருப்பி வச்சிருக்காங்க."

நான் சோப்பை வைத்துவிட்டு எழுந்தேன். அந்த நேரம் பார்த்து இவர் முன்சக்கரத்தோடு வந்து நின்றார். போதகர் இவரைப் பார்த்த பார்வை, அரிசி டின்னைப் பார்த்தவர்களின் பார்வையேதான்.

"நான் எடுக்கல" என்றார் இவர்.

ஈரக் கையோடு நடுவில் போய் நின்றேன். பாஸ்போர்ட் விரிப்போடு சேர்ந்து வந்துவிட்டது, பையில் வைத்தது நான்தான் என்று சொன்னேன். சைக்கிள்காரர் முகம் சுருங்கிப்போய் மன்னிப்புக் கேட்டார். ஆனால் போதகருக்கு ஒன்று மட்டும் விளங்கவில்லை.

"கெடச்சதும் அவர் கையிலயே குடுத்திருக்கலாமேம்மா. ஏன் யாருக்கும் தெரியாம வச்சீங்க?"

பொய் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"இவருதான் எடுத்துட்டாருன்னு நெனச்சுட்டேன் ஐயா."

இவர் குனிந்து சக்கரத்தைச் சைக்கிளில் மாட்ட ஆரம்பித்தார். எப்போதும் அதைச் சைக்கிள்காரர்களே மாட்டிக்கொள்வார்கள். அன்று இவரே மாட்டி, சுற்றிவிட்டுப் பார்த்து, வாசல் வரை தள்ளிக்கொண்டுபோய் வழியனுப்பினார். நாற்காலி, மைக் எதையும் சரிபார்க்கவில்லை.

மத்தியானம் சோறு போட்டேன். பாதி சாப்பாட்டில் இவர் கை நின்றது. கோபமாகக் கேட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தித் தீர்த்திருப்பேன்.

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல" என்றார். "இல்லன்னு சொல்லியிருப்பேன். நீ நம்பியிருப்ப."

நம்பியிருப்பேன் என்றேன். என் கண் குழம்புச் சட்டியில் இருந்தது. அவர் சாப்பிட்டு முடித்துத் தட்டைத் தானே கழுவி வைத்துவிட்டுப் போனார்.