முகூர்த்த நாளில் ஒரு மாநாடு

வலியசாலை பிச்சுமணி, மாநாடுகள் நடத்தித்தரும் நிறுவனத்தில் ஆறு வருடமாகத் தற்காலிக ஊழியர். பல் மருத்துவர் மாநாடு நன்றாக நடந்தால் வேலை நிரந்தரம். மைக்கையும் சாப்பாட்டையும் இரண்டு முறை சரிபார்த்தார். தேதியை மட்டும் பஞ்சாங்கம் பார்த்து, ஆவணியின் சிறந்த முகூர்த்தத்தில் வைத்தார். முந்நூறு பேரில் பதினொருவரே வந்தார்கள். மற்றவர்கள் கல்யாண வீடுகளில் இருந்தார்கள்.

"சாமி, நல்ல நாளுன்னா ஊரு முழுக்க கல்யாணம் இருக்கும்னு அறியில்லையோ?" என்றாள் மேலாளர் பத்மஜா, மலையாளம் கலந்த தமிழில். "வராத ஆளுகளோட பேரெல்லாம் மைக்கில வாசியும், கேட்டோ."

"மேடம், மன்னிச்சுக்கோங்கோ..."

"வாசியும்னேன்."

வாசித்தார். முன்வரிசை சிரித்தது. முழுவதும் வாசித்தால் அவள் மனம் இளகும் என்று நம்பினார். இருநூறாவது பேரை எட்டுவதற்குள், அவர் வேலைக்கு ஆள் தேவை என்ற விளம்பரத்தை அவள் போனில் அனுப்பிவிட்டாள்.