முப்பதாம் தேதி பிற்பகல்

அரசு அலுவலகத்தில் பதினோரு வருஷம் நான் பார்த்தது நிர்வாகப் பிரிவு. யாருக்கு எப்போது ஓய்வு, யாருடைய பணிப்பதிவேட்டில் எத்தனை நாள் விடுபட்டிருக்கிறது, யாருக்கு ஓய்வூதியம் முழுசாய் வரும், யாருக்குக் குறையும், எல்லாம் என் மேஜைக்கு வந்துதான் போகும். எனக்கு வாயும் கொஞ்சம் நீளம். விருப்ப ஓய்வுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு மனசு மாறின டிரைவர் ஒருவர், ரத்து செய்யச் சொல்லி மனுவை ஒரு நாள் பிந்திக் கொண்டுவந்தார். "நேத்தே வந்திருக்கோணுமுங்க. இன்னிக்கு நீங்க வெளியாளுங்க" என்று முகத்துக்கு நேரே சொல்லி அனுப்பினேன். விதி அதுதான். பாவமாய் இருந்ததா என்றால், இல்லை. சாப்பாட்டு நேரம் தள்ளிப்போகிறதே என்ற எரிச்சல்தான் இருந்தது.

என் வீட்டுக்காரருக்குப் பெரியநாயக்கன்பாளையத்தில் சின்னதாய் ஒரு லேத் பட்டறை. ஐம்பத்தாறு வயதில் கால் வீங்கியது. நின்று வேலை செய்கிற மனுஷனுக்கு வீங்காமல் என்ன செய்யும் என்று நானே தைலம் தேய்த்துவிட்டேன். வீக்கம் முகத்துக்கு ஏறிய பிறகுதான் பீளமேட்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். இரண்டு சிறுநீரகமும் சுருங்கிவிட்டன என்றார்கள். அன்றிலிருந்து வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். நான்கு மணி நேரம் அவர் உள்ளே, நான் வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில்.

ஈட்டிய விடுப்பு தீர்ந்தது. மருத்துவ விடுப்பும் தீர்ந்தது. இனி எடுத்தால் சம்பளமில்லா விடுப்பு. அதையும் எத்தனை மாதம் கேட்க முடியும்? அதிகாரி நல்லவர்தான், ஆனாலும் நான் உள்ளே போனாலே பேனாவை மூடி வைக்க ஆரம்பித்திருந்தார்.

ஐம்பது வயது தாண்டினாலோ இருபது வருஷம் சர்வீஸ் இருந்தாலோ விருப்ப ஓய்வு கேட்கலாம். எனக்கு ஐம்பத்தொன்று, சர்வீஸ் இருபத்திரண்டு. பழைய ஓய்வூதியத் திட்டம் மூடுவதற்குள் கடைசியாய் உள்ளே வந்தவர்களில் நான் ஒருத்தி. ஆனால் முழு ஓய்வூதியத்துக்கு முப்பது வருஷம் வேண்டும். விருப்ப ஓய்வில் போகிறவர்களுக்குச் சில வருஷங்களைக் கூட்டிக் கொடுப்பார்கள். கூட்டியும் எனக்கு எட்டவில்லை. அறுபது வரை இருந்தால் முழுசு. இப்போது போனால் குறைச்சல், சாகும்வரை குறைச்சல்தான். இதை ஊருக்கெல்லாம் எடுத்துச் சொன்னவள் நான். எனக்குச் சொல்ல ஆள் வேண்டியதில்லை.

மூன்று மாத நோட்டீஸ் எழுதி, என் பிரிவு உதவியாளரிடம் நீட்டினேன். என்னைவிட இருபது வயது சின்னவர். நின்றபடியே இரண்டு தடவை படித்தார்.

"ஏனுங்க மேடம், நல்லா ரோசனை பண்ணிப்போட்டீங்களா?"

"பண்ணியாச்சுங்க."

"பென்ஷன் கொறையுமுங்களே."

"எனக்கே பாடமா? ஃபைல்ல போடுங்க தம்பி" என்று எரிந்து விழுந்தேன். முகம் சுண்டிப்போய் வாங்கிக்கொண்டார்.

வீட்டில் சொன்னபோது இவர் சிரித்தார். "ஏம்புள்ள, நான் தேறி எந்திரிச்சு பட்டறைக்குப் போயிட்டா, நீ ஊட்ல உக்காந்து என்ன பண்ணுவ? எனக்குச் சோத்துப் போசி கொண்டாருவியா?" என்றார். நானும் சிரித்தேன். எழுந்திருக்காமல் போனால் என்ன என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அந்தக் கேள்வி எங்கள் இருவருக்கும் நடுவில் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருந்ததை நான் அன்றே பார்த்தேன். பார்த்தும் குழம்பு ஊற்றினேன்.

ஆணை ஒரு மாதத்திலேயே வந்துவிட்டது. நோட்டீஸ் முடியும் மாதம் முப்பதாம் தேதி பிற்பகல் பணியிலிருந்து விருப்ப ஓய்வில் செல்ல அனுமதிக்கப்படுகிறார் என்று இருந்தது. அதே வாசகத்தை எத்தனையோ பேருக்கு நானே தட்டச்சு செய்திருக்கிறேன். இதில் என் இனிஷியல் சரியா என்று பார்த்துவிட்டு ஃபைலில் வைத்தேன். அதற்கப்புறம் அலுவலகத்தில் யாரும் என்னைக் கேட்டு எதையும் செய்யவில்லை. கடைசி மாதம் பிறந்ததும் போட்ட அடுத்த மாத வேலைப் பட்டியலில் என் பெயர் இல்லை. என் பீரோ சாவியை, கேட்காமலே, ஒருவர் எடுத்துப் பூட்டில் போட்டுப் பார்த்துவிட்டு வைத்தார். வீட்டில் இவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சட்டைக் காலர் கழுத்தை விட்டு விலகி நின்றது. டயாலிசிஸ் முடிந்து வந்தால் பேசவே மாட்டார், சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார். ஏனுங்க, ஏனுங்க என்று இரண்டு தடவை கூப்பிட்டால்தான் திரும்புவார். முப்பதாம் தேதி வந்துவிட்டால் போதும், பக்கத்திலேயே இருப்பேன் என்று நாளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

இருபத்தொன்றாம் தேதி காலை. காப்பி டம்ளரைக் கையில் வாங்கினார். "சூடு பத்தலையே" என்றார். சுடவைத்துக்கொண்டு திரும்பி வந்தபோது தலை சாய்ந்திருந்தது.

அவரோடு இருப்பதற்காக எழுதிக் கொடுத்தேன். இருக்க ஒரு நாள்கூடக் கிடைக்கவில்லை.

எங்கள் பக்கம் பதினாறு முடியும்வரை பெண்டாட்டி வாசல் தாண்டக்கூடாது. நாத்தனார் வந்து வீட்டுப் பொறுப்பை எடுத்துக்கொண்டார். என்னை ஒரு மூலையில் பாய் போட்டு உட்காரவைத்தார்கள். வருகிற பெண்களெல்லாம் கட்டிக்கொண்டு அழுதார்கள். நானும் அழுதேன், பொய்யில்லை. ஆனால் இரண்டாம் நாளே, அழுதுகொண்டிருக்கும்போதே, நிர்வாகப் பிரிவுக்காரி உள்ளே விழித்துக்கொண்டாள். முப்பதாம் தேதிக்குள் எழுதிக் கொடுத்தால் நோட்டீசை வாபஸ் வாங்கலாம். முப்பது தாண்டினால் முடியாது. மகள் மூன்றாம் வருஷம் இன்ஜினியரிங் படிக்கிறாள். பட்டறையில் பழைய லேத் ஒன்றைத் தவிர எதுவும் இல்லை.

இருபத்தைந்தாம் தேதி துக்கம் விசாரிக்க அந்த உதவியாளர் வந்தார். ஆண்களோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு என் பக்கம் வந்து குனிந்தார்.

"மேடம், ஏதாச்சும் எழுதித் தாரதா இருந்தாச் சொல்லுங்க. நானே வாங்கிட்டுப் போயர்றனுங்க."

எவ்வளவு பெரிய மனசு அவருக்கு! அவர் எதைச் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். சுற்றிலும் ஏழெட்டுப் பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டு என் வாயையே பார்த்தார்கள். புருஷன் போய் அஞ்சு நாள் ஆகலை, வேலையை நெனச்சுட்டா பாரு. இது யார் வாயிலும் வரவில்லை, என் காதில் விழுந்தது. தலையை ஆட்டினேன், ஒன்றுமில்லை என்று. அவர் எழுந்தார். சாவு வீட்டில் போயிட்டு வாரேன் என்று சொல்ல மாட்டார்கள், சொல்லாமல்தான் போவார்கள். போகிறவரைப் பின்னாலிருந்து கூப்பிடவும் கூடாது. வாசலில் செருப்பை மாட்டினார், வண்டியை உதைத்தார். கூப்பிட வாய் வந்தது. கூப்பிடவில்லை.

போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். சொல்லியிருக்கலாம். கூசியது. அது மட்டுமா, வாபஸ் என்று எழுதினால் அவர் இனி இல்லை என்று நானே கையெழுத்துப் போட்ட மாதிரி ஆகிவிடும் என்று ஒரு கிறுக்குப் பயம். அந்தப் பயத்தை இப்போது நினைத்தாலும் என்னை நானே அறையவேண்டும் போலிருக்கிறது.

முப்பதாம் தேதி மதியம் பொறுக்க முடியாமல் மகளின் நோட்டில் ஒரு தாளைக் கிழித்து எழுதிவிட்டேன். நாத்தனாரிடம் போய், ஆபீசுக்கு ஒரு காகிதம் கொடுத்தனுப்ப வேண்டும், அவசரம் என்றேன். அவர் என் தலையைத் தடவினார்.

"இன்னும் ஒரு வாரம் பொறு கண்ணு. காரியம் முடியட்டும். கவர்மெண்டு ஆபீசு எங்கீங்கும் ஓடிப் போயிராது."

அன்பாகத்தான் சொன்னார். விதியை எடுத்துச் சொல்ல எனக்கு ஒரு நிமிஷம் போதும். யார் யாரிடமோ கத்திச் சொன்ன வாய் அன்றைக்குத் திறக்கவில்லை. "செரிங்க" என்றேன்.

ஐந்தே முக்காலுக்கு அலுவலகம் மூடும். பாயில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முள் தாண்டியது. வாசலில் யாரோ பந்தல் கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் மகள் டீ கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளுக்கு விருப்ப ஓய்வு விஷயம் தெரியாது. பரீட்சை முடியட்டும் என்று நாங்கள் இரண்டு பேருமே மறைத்து வைத்திருந்தோம். என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"அம்மா, நீ பயந்துக்காத. நான் எல்லாம் ரோசிச்சுட்டேன். உனக்கு இன்னும் ஒம்பது வருஷம் சர்வீஸ் இருக்குது. நான் வேலைக்குப் போற வரைக்கும் ஓட்டிப்போடலாம். அப்பா இல்லீன்னாலும் உன்ற வேலை இருக்குதல்லம்மா?"

மணி ஆறேகால்.

"இருக்குது கண்ணு" என்றேன்.