லார்பி கழுவிய துப்பாக்கி

அந்த வியாழச் சந்தையில் வெங்காயத்தைவிட மலிவாகக் கிடைத்தது ஒரு பேச்சு. ஹாஜி புஷைபின் குதிரைக் கூட்டத்தில் ஓடுவது பதினொரு பேர், வெடிப்பது பத்துத் துப்பாக்கிதானாம். எவனோ ஒருவன் மருந்தே போடாமல் வெறுங்குழலைத் தூக்கிக்கொண்டு ஓடி, மூன்று வருஷமாகப் பரிசுக் கோப்பைக்குப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறானாம்.

மொபெட் மெக்கானிக் லார்பி இதைக் கேட்டபோது, பஞ்சரான ட்யூபைத் தொட்டித் தண்ணீரில் அமுக்கி எங்கே குமிழி வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"யாரு சொன்னா?" என்றான், தண்ணீரைப் பார்த்தபடியே.

"ஊரே சொல்லுது," என்றான் வண்டிக்காரன்.

"ஊருக்கு எத்தன வாய்? முதல்ல எந்த வாய் தொறந்துச்சு?"

"அதெல்லாம் எனக்கெதுக்கு மாமா. நீங்க பஞ்சரப் பாருங்க."

லார்பி பஞ்சரைப் பார்க்கவில்லை. கடையைப் பாதி சாத்திவிட்டு வதந்தியை விசாரிக்கக் கிளம்பினான். அது உண்மையா என்று விசாரிக்க அவனுக்கு அவசியமில்லை. அந்த வெறுந்துப்பாக்கி அவனுடையதுதான். எவன் கண்டுபிடித்தான் என்பதுதான் தெரியவேண்டும்.

லார்பி கெட்டவன் இல்லை. ஐம்பதை எட்டிப் பிடிக்கிற வயது, கார்புரேட்டர் எண்ணெய் ஏறிப்போன நகங்கள், சர்க்கரைக் கிழங்கு வயல் ஓரமாக நாலு அறை வீடு. அதில் நல்ல அறை குதிரை லஸ்ரக்குக்கு. மனைவி ஃபத்தூமா கேட்பதுண்டு: "ஏங்க, அந்த லஸ்ரக் திங்கற பார்லிக்கு என்னைக் கட்டிக்கிட்டதுக்குப் பதிலா அதையே கட்டியிருக்கலாமே." அந்த யோசனையில் குறை ஒன்றும் லார்பிக்குத் தெரியவில்லை.

துக்காலாச் சமவெளியில் ஆணாகப் பிறந்தவனுக்கு ஒரு சத்தம் வேண்டும். வெள்ளை ஜலாபா அங்கி போட்ட பதினொரு பேர் ஒரே கோட்டில் குதிரைகளைப் பறக்கவிட்டு வருவார்கள். அவர்களில் ஒருவனான தலைவன் ஒரு குரல் கொடுப்பான். பதினொரு துப்பாக்கியும் வானத்தைப் பார்த்து ஒரே வெடியாக வெடிக்கவேண்டும். பதினொன்று ஒன்றாகக் கேட்டால் கூட்டம் எழுந்து நிற்கும். பெண்கள் குலவை இடுவார்கள். கருமருந்தின் வெள்ளைப் புகை ஆளையும் குதிரையையும் மூடி, பிறகு மெல்ல விலகும்போது, சைக்கிள் கடைக்காரன்கூட சுல்தான்போல வெளியே வருவான். அழுகிய முட்டை வாசனையோடுதான் வருவான்; பரவாயில்லை.

அந்த ஒரு நொடிக்கு முன்னும் பின்னும் இருப்பது வெறும் தொல்லை. ஈரக்காற்று அடித்தால் மருந்து நமுத்துவிடும். அரசாங்கம் அளந்து கொடுக்கிற மருந்தை ஹாஜி மறுபடி அளந்து, காகிதப் பொட்டலமாக ஆளுக்கொன்று தருவார். குழலின் வாய்வழியாகக் கொட்டி, காகிதத்தைத் திணித்து, கம்பியால் கெட்டிக்கவேண்டும். பின்பக்கத் துளைமேல் பட்டாணி அளவு வெடிக்கேப்பு ஒன்றைக் குந்தவைக்கவேண்டும். குதிரை ஒரு குதி குதித்தால் கேப்பு மண்ணில் கிடக்கும். எல்லாம் முடிந்தபின் பொழுது சாய்வதற்குள் கொதிநீர் ஊற்றிக் கழுவவேண்டும். விட்டால் காலைக்குள் துரு. கழுவும்போது மைபோல ஊற்றும் தண்ணீர்தான் ஒருவன் வெடித்ததற்குச் சாட்சி. அதனால் எல்லோரும் கூடாரத்துக்குப் பின்னால் வரிசையாக உட்கார்ந்து கழுவுவார்கள். பக்கத்து ஆளின் தண்ணீர் தன் தண்ணீரைவிடக் கறுப்பா என்று ஓரக்கண்ணால் பார்ப்பார்கள்.

மூன்று வருஷத்துக்கு முன்பு லார்பியின் துப்பாக்கி சோம்பேறியாகிவிட்டது. கேப்பு வெடிக்கும், மருந்து யோசிக்கும், அப்புறம்தான் வெடிக்கும். அந்த வருஷக் கந்தூரியில் பெரிய சத்தம் அடங்கியபின் அநாதையாக ஒரு 'டுப்'. நடுவர்கள் சிரித்துவிட்டார்கள். ஹாஜி புஷைப் அன்றே சத்தியம் பண்ணினார்: "அந்த டுப்பு யாருதுன்னு தெரிஞ்சா, அவன் இந்தச் சமவெளியில எந்தக் கூட்டத்துலயும் குதிரை ஏற முடியாது." அவர் சொன்னால் நடக்கும். குதிரையை விற்கவேண்டியதுதான்.

லார்பி மாட்டிக்கொள்ளவில்லை. அடுத்த ஓட்டத்திலிருந்து பொட்டலத்தை இடுப்புக் கச்சையில் செருகிக்கொண்டான். கெட்டிப்பதுபோல் கெட்டித்தான், கேப்பை மட்டும் தட்டினான். பத்துத் துப்பாக்கி முழங்கும்போது பதினோராவது வாயை மூடிக்கொண்டிருப்பது யாருக்குக் கேட்கப்போகிறது? கூட்டம் ஜெயிக்கத் தொடங்கியது. மருந்து வாய்க்காலில் கரைந்தது. கழுவும் நேரத்துக்குத் தேநீர்க் கூடாரத்து முபாரக்காவின் மூட்டையிலிருந்து ஒரு கைப்பிடி அடுப்புக்கரியைப் பொடித்துக் குழலுக்குள் போட்டுக்கொள்வான். அவன் தண்ணீர் எப்போதும் நல்ல கறுப்பு.

விசாரணையை நாவிதன் மெக்கியிடம் ஆரம்பித்தான். ஓட்டத்தில் லார்பியின் இடதுபக்கம் வருபவன் அவன்.

"மச்சான், சந்தையில என்னமோ பேசிக்கறாங்களாமே."

மெக்கியின் கத்தி சோப்பு நுரைக்குள் நின்றது. "என்ன பேசறாங்க? நான் ஒண்ணும் கேக்கலையே. காதுல நுரை."

"காதுலயா சவரம் பண்றே?"

"உன் வெடி மாதிரி வெடி உண்டா லார்பி. என் காது இன்னும் அடைச்சுக்கிட்டு இருக்கு," என்றான் மெக்கி, கேட்காமலேயே.

மூன்று வருஷமாக வெடிக்காத துப்பாக்கியால் ஒருவனுக்குக் காது அடைக்கிறது என்றால், அவன் கிண்டல் பண்ணுகிறான். இல்லை, வேவு பார்க்கிறான். இவன்தான், என்று லார்பி முடிவு கட்டினான். தெருமுனை திரும்புவதற்குள் அந்த முடிவை மாற்றி, கூட்டத்திலேயே ஓடுகிற கசாப்புக்காரன்மேல் சந்தேகப்பட்டான். பிறகு இமாம்மேல். ராத்திரிச் சாப்பாட்டில் ஃபத்தூமா, "ஜலாபாவுல இப்பல்லாம் ஓட்டையே விழறதில்ல, தீப்பொறி உங்கள மட்டும் விட்டுருச்சா?" என்றபோது அவள்மேலும் சந்தேகப்பட்டான்.

கந்தூரிக்குக் கூடாரம் போட்ட அன்றைக்குத்தான் வதந்தியின் ஊற்றுக்கண் தெரிந்தது. முபாரக்கா புதினாவை ஆய்ந்தபடி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் புலம்பிக்கொண்டிருந்தாள்.

"என் கரியத் திங்கறான் எவனோ. வருஷா வருஷம். துப்பாக்கி கழுவற நேரத்துக்குச் சரியா. கரி எதுக்குடா குதிரைக்காரனுக்கு? பல்லு வெளக்கவா?"

"எலியா இருக்கும் அக்கா," என்றான் லார்பி.

"ஜலாபா போட்ட எலி தம்பி. வாசல்ல கால் தடத்தப் பாத்தேன், பூட்ஸு." அவள் அவன் காலைப் பார்த்தாள். அவன் காலை மடக்கிக்கொண்டான்.

ஹாஜி புஷைப் எல்லோரையும் கூட்டினார். கண் ஆபரேஷன் ஆனதிலிருந்து கறுப்புக் கண்ணாடி. அவர் யாரைப் பார்க்கிறார் என்று யாருக்கும் தெரியாது. அதனால் ஒவ்வொருவனும் தன்னைத்தான் என்று நினைத்துக்கொண்டான்.

"நம்ம பேரு சந்தையில நாறுது. நாளைக்கு ஓட்டம் முடிஞ்சதும் ஒவ்வொருத்தனும் என் மூக்குக்கு நேரா கழுவணும். எவன் தண்ணி வெளுப்போ, அவனக் குதிரையிலேருந்து அங்கேயே எறக்கிவிட்டுருவேன்."

பத்துத் தலையும் ஆடியது. கொஞ்சம் வேகமாகவே ஆடியது.

சாயங்கால அஸர் தொழுகை முடிந்து கூட்டம் கலைந்ததும் லார்பி தேநீர்க் கூடாரத்தின் பின்பக்கம் போனான். கரிமூட்டையின்மேல் குனிந்து, முழங்கைவரை உள்ளே விட்டபடி ஒருவர் நின்றார். கறுப்புக் கண்ணாடி.

"ஹாஜியாரே."

ஹாஜி கையை உருவவில்லை. "தேநீருக்குக் கரி போதுமான்னு பாத்தேன்."

"போதுமா?"

"கொறைச்சல்தான்." கண்ணாடி அவன் பக்கம் திரும்பியது. "நீ எதுக்கு வந்தே?"

"நானும் அதத்தான் பாக்க வந்தேன்."

இருவரும் மூட்டையைப் பார்த்தார்கள். காலையில் வந்த புது மூட்டை. இதற்குள் பாதிக்குமேல் இறங்கியிருந்தது. இரண்டு பேருடைய கைப்பிடியால் அப்படி இறங்காது.

"டாக்டர் கண்ணுக்கு அதிர்ச்சி ஆகாதுன்னாரு," என்றார் ஹாஜி பொதுவாக, மூட்டையிடம் சொல்வதுபோல. பிறகு போய்விட்டார்.

லார்பி அன்று தூங்கவில்லை. ஹாஜி வெறும் கை. மெக்கிக்குக் காது அடைப்பது பொய் என்றால் அவனும் வெறும் கை. கசாப்புக்காரன் போன வருஷம் யாரோ தும்மியதற்கே பயந்தவன். கணக்குப் பார்த்தால் இத்தனை நாளாக யார்தான் வெடித்தது? நாளைக்கு ஹாஜி குரல் கொடுத்து, பதினொரு பேரும் துப்பாக்கியைத் தூக்கி, பறவை கத்துகிற சத்தம் மட்டும் கேட்டால்? எவனாவது ஒருவன் போட்டாகவேண்டும். எவனையும் நம்புவதற்கில்லை. ஆகவே லார்பிதான்.

காலையில் பொட்டலத்தைப் பிரித்தான். உள்ளங்கையில் கொட்டினான். கரகரப்பும் கந்தக வாசனையும் மூன்று வருஷத்துக்குப் பின் தன் ஆளைப் பார்த்ததுபோல் இருந்தது. கொட்டிக் கெட்டித்தான். மருந்து ஏறிய துப்பாக்கி கூடுதலாக ஒரு முட்டை அளவுகூடக் கனக்காது. ஆனாலும் தோள் அதை அறிந்தது. லஸ்ரக்கும் அறிந்ததுபோல் காதை விறைத்தது. டுப் வந்தால் வரட்டும்.

கோடு பறந்தது. மண் எழும்பியது. ஹாஜியின் குரல் கிழிந்தது. லார்பி துப்பாக்கியை வானத்துக்குத் தூக்கி விசையை இழுத்தான்.

டிக்.

அவ்வளவுதான். கேப்பு வெடித்தது, மருந்து அசையவில்லை. பக்கங்களில் ஒரே வெடியாக ஒரு சத்தம் வந்தது; ஒன்றுதான், ஆனால் மெலிந்த ஒன்று, கம்பளியைத் தட்டியதுபோல. லார்பி திரும்பிப் பார்த்தான். பதினொரு குழல் தூக்கியிருக்க, நாலே இடத்தில் புகை எழும்பிக்கொண்டிருந்தது. நடுவர், "சுத்தமான வெடி," என்று கையைத் தூக்கினார். பெண்கள் குலவை இட்டார்கள்.

கொதிநீர்க் கெண்டி வந்தது. மெக்கி ஊற்றினான்: கறுப்பு. கசாப்புக்காரன்: கறுப்பு. ஒவ்வொருவருக்கும் ஹாஜி தலையாட்டினார். லார்பியின் முறை. உள்ளே சுடாத மருந்து அப்படியே இருந்தது. ஊற்றினான். பின்துளை வழியாக ஒரு சொட்டும் இறங்கவில்லை. குழலைக் கவிழ்த்தான். கறுப்புக் கூழாகப் பொத்தென்று விழுந்தது. அன்றைய தண்ணீரிலேயே அதுதான் அதிகக் கறுப்பு.

ஹாஜி குனிந்தார். மூக்கை அருகில் கொண்டுபோனார். வெந்த மருந்துக்கு உள்ள முட்டை நாற்றம் இல்லை. கண்ணாடியைக் கழற்றினார்.

"லார்பி. இது வேகல," என்றார், இருவருக்கு மட்டும் கேட்கிறமாதிரி.

"போட்டேன் ஹாஜியாரே. போகல."

"போட்டியா?"

"போட்டேன்."

ஹாஜி வரிசையை ஒரு பார்வை பார்த்தார். வரிசை தரையைப் பார்த்தது. "கறுப்பு," என்று சத்தமாகச் சொன்னார். பிறகு தாழ்ந்து, "நீ எனக்கு ஒரு வெடி பாக்கி."

"உங்க துப்பாக்கிய நீங்க இன்னும் கழுவலையே ஹாஜியாரே."

"கண் ஆபரேஷன் ஆனவன் ஆவியில நிக்கக் கூடாது," என்று கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

கடைக்கு வந்து லார்பி துப்பாக்கியின் பின்துளைத் திருகாணியைக் கழற்றினான். மூன்று வருஷக் கரி கல்போல் இறுகிக் கிடந்தது. கார்புரேட்டர் அடைப்பெடுக்கிற மெல்லிய கம்பியை விட்டுக் குத்தினான். கரிக்கு அடியிலிருந்து இன்னும் பழைய அழுக்கு ஒன்று உதிர்ந்தது. துப்பாக்கியைச் சோம்பேறியாக்கிய அழுக்கு. அந்தக் கம்பியால் தினம் பத்து மொபெட்டின் அடைப்பை எடுப்பவன் அவன். ஊதிப் பார்த்தான். காற்று விசில் அடித்துக்கொண்டு போனது. இனி யோசிக்காமல் வெடிக்கும்.

அடுத்த வியாழன் ஹாஜி தன் மொபெட்டைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"ஸ்டார்ட் ஆகல. அடைப்பு."

"பாக்கறேன்."

"அந்தப் பாக்கி ஞாபகம் இருக்கா?"

"இருக்கு ஹாஜியாரே. உங்களோடதும் இருக்கு."

ஹாஜி சந்தைப் பக்கம் திரும்பி, வெங்காயம் என்ன விலை என்று யாரையோ கேட்டார்.