ஞாயிறு வரை தாங்க வேண்டிய குஞ்சுகள்

எண்பதுகளில் ஒரு பெப்ரவரிக் கடைசி. பாரிஸ் பூங்கா ஒன்றின் ஏரிக்கரையில், உறைபனி படிந்த புல்லின்மேல், ஒரு வாத்தும் அதன் பின்னால் மஞ்சளும் கறுப்புமாய்க் குஞ்சுகளும் நடந்துபோனது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. இயற்கையை ரசிக்கும் உயர்ந்த மனம் எனக்கு அப்போதும் இல்லை. லா சப்பல் பகுதியில் நாங்கள் இருந்த அறையில் ஆட்களைவிட மெத்தைகள் குறைவு, முறைவைத்துத்தான் படுக்கலாம். பின்னேரங்களில் எங்கள் இடத்தில் வேறு இருவர் குறட்டை விடுவார்கள். ஆகவே இரவில் உணவகத்தில் கோப்பை கழுவும் நானும், விடியப்புறம் அலுவலகங்கள் துடைக்கும் மன்னார் அண்ணையும் ரூ லூயி-பிளாங் தெரு வழியாக மேடேறி அங்கே போய்விடுவோம். வாத்துக்குப் போடப் பாண் துண்டுகளோடு வரும் ஒரு பிரெஞ்சுக் கிழவி எங்களையும் வாத்தையும் மாறி மாறிப் பார்ப்பாள். நாங்கள் கறிக்குத்தான் பார்க்கிறோம் என்று நினைத்திருக்க வேண்டும். அண்ணை அவற்றைப் பார்த்த பார்வையும் அதற்குத் தோதாகவே இருந்தது.

அண்ணையின் மனைவி கைக்குழந்தையோடு கொழும்பில் ஒரு லொட்ஜில் காத்திருந்தார். மொஸ்கோ, கிழக்கு பேர்லின் என்று குளிருக்குள்ளால் ஆட்களைக் கொண்டுவரும் ஏஜென்சிக்காரன், உடனே புறப்படச் சொன்னான். அந்தக் குளிரில் பிள்ளை தாங்குமா? நிற்கச் சொன்னால் சண்டைக்காலக் கொழும்பில் எப்போது எந்தப் பொலிஸ்காரன் கதவைத் தட்டுவானோ தெரியாது. ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் அண்ணை பதில் சொல்ல வேண்டும். அந்தப் பிள்ளையை அவர் இன்னும் கண்டதில்லை. அறையில் எல்லோரும் ஆளுக்கொரு புத்தி சொன்னார்கள். ஒருவனுக்கும் பிள்ளை கிடையாது.

"தம்பி, இந்தத் தாராக் குஞ்சுகள் ஞாயிறு வரைக்கும் ஒண்டும் குறையாமல் தாங்கிச்சுதெண்டால், பிள்ளையோட வரச்சொல்லப் போறன்" என்றார் அண்ணை, வாத்தைக் காட்டி.

"தாராவிட்டையோ அண்ணை விசா கேக்கிறியள்?"

"சிரி, சிரி. உன்ரை புத்தகம் மட்டும் சொல்லிப் போடுமோ?"

புத்தகம் சொல்லியிருந்தது. நூலகத்தில் அகராதியும் கையுமாக இருந்து, இப்படி முந்திப் பொரிக்கும் குஞ்சுகளில் பெரும்பாலானவை குளிருக்கும் காகத்துக்கும் போய்விடும் என்று வாசித்திருந்தேன். அறையில் எனக்குப் படித்தவன் என்று பெயர். கோப்பை ஒழுங்காகக் கழுவத் தெரியாதவன் என்பதை மரியாதையாகச் சொல்லும் முறை அது. படித்ததை அன்று வெளியே விடவில்லை.

ஞாயிறன்று ஒரு குஞ்சு குறைந்திருந்தது. கரையில் ஒரு காகம் எதுவுமே நடக்காதது போல நின்றது. அண்ணை விரலை நீட்டி, உதடு அசைய எண்ணினார். அந்த விரல் குஞ்சுகளைத் தாண்டி, கொஞ்சம் தயங்கி, தாயையும் தொட்டது. கணக்குச் சரியாக வந்துவிட்டது.

"எல்லாம் நிக்குது. பாத்தனிதானே?"

"ஓம் அண்ணை. நிக்குது."

தொலைபேசிக் கூண்டுக்குள் அவர் கத்தியது தெருவுக்கே கேட்டது: "பிள்ளையோட வா! நல்லாய்ப் போர்த்துக் கொண்டு வா!" அதன்பின் பல வாரங்கள் ஒரு தகவலும் இல்லை. பின்னேரங்களில் பூங்காப் பக்கம் போவோமா என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. ரயில் நிலையங்களின் வாங்குப் பலகைகளில் குந்தியிருந்து, வருகிற போகிற ஆட்களைப் பார்த்தோம். கடைசியில் ஒரு காலை, கம்பளி மூட்டை ஒன்றோடு மனைவி வந்து இறங்கினார். மூட்டைக்குள்ளிருந்து ஒரு சிவந்த மூக்கு தும்மியது. அண்ணை அதை வாங்கத் தெரியாமல் இரண்டு கையையும் நீட்டியபடி நின்றார்.

அந்த மூக்குக்கு இப்போது மீசை முளைத்திருக்கிறது. பாரிஸுக்கு வெளியே பொண்டியில் இருக்கிறான், தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்லுவான். போன மாசிக் குளிரில் மூவருமாக அந்த ஏரிக்கரைக்குப் போனோம். அவசரக்காரத் தாய் ஒருத்தி இந்த வருடமும் முந்திப் பொரித்திருந்தாள். பொடியன் விளையாட்டாக விரலை நீட்டி, "அன், தூ, த்ருவா" என்று பிரெஞ்சில் எண்ணத் தொடங்கினான்.

மகனை ஒருநாளும் அதட்டியறியாத அண்ணை அவன் விரலைப் பிடித்து மடக்கினார்.

"எண்ணாதை மோனை. வா, போவம்."