சித்தி பந்தடி பார்த்த வருடம்

சனிக்கிழமைகளில் மதியம் தாண்டியதும் எங்கள் வீட்டுக் குசினி யன்னலால் முதலில் வருவது தெருவோர வண்டிகளில் வெங்காயம் பொரியும் மணம். காற்று அந்தப் பக்கமிருந்து வீசினால், அதன் பின்னாலேயே பொலிஸ் குதிரைகளின் சாணி வாடை. இரண்டும் கலந்து வந்தால் மைதானத்தில் உதைபந்தாட்டம் இருக்கிறது என்று எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். தென் லண்டனில், லூயிஷாம் போகும் ரயில் பாதையோரம் ஒன்றோடொன்று ஒட்டி நின்ற பழைய செங்கல் வீடுகளில் ஒன்றில் நாங்கள் வாடகைக்கு இருந்தோம். பின்வளவு மதிலுக்கு அப்பால் ஒரு ஒடுங்கிய சந்து, சந்துக்கு அப்பால் மைதானத்தின் தகரக் கூரை. ஆட்டத்தை நாங்கள் பார்த்ததில்லை, கேட்டிருக்கிறோம். சத்தம் எழும்பிப் பாதியில் அடங்கினால் பந்து வெளியே போய்விட்டது. எழும்பி அப்படியே நின்றால் கோல். தூரத்து மூலையில் மட்டும் கொஞ்சப் பேர் கத்தினால், எதிரணி கோல் அடித்துவிட்டது. இதற்கு அப்பா வைத்த பெயர் "கூரைச் செய்தி".

வசந்தி சித்தி எங்களிடம் வந்து சேர்ந்தது எண்பதுகளின் பிற்பகுதியில், ஒரு ஆவணி மாதம். அம்மாவின் கடைசித் தங்கை. யாழ்ப்பாணத்தில் ஷெல்லடிக்குள் இரண்டு வருடம் வீடு வீடாக மாறி இருந்துவிட்டு, கொழும்பில் காத்திருந்து, ஒரு சின்னப் பெட்டியோடு வந்தார். பள்ளிக்கூட நாட்களில் வலைப்பந்து அணித்தலைவியாய் இருந்தவர், பெரிய வாயாடி என்றெல்லாம் அம்மா சொல்லியிருந்தார். வந்தவரோ கேட்டதற்கு "ஓம்", "இல்லை" என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

வந்த முதல் சனிக்கிழமை அம்மா பாண் சுடும் தொழிற்சாலையில் ஷிப்ட், அப்பா பெற்றோல் நிலையத்தில். சித்தி அரிசி கழுவிக்கொண்டு நின்றார், பத்து வயதான நான் மேசையில் படம் கீறிக்கொண்டிருந்தேன். திடீரெனக் கூரைக்கு அப்பாலிருந்து சத்தம் எழும்பி நின்றது. நான் தலை நிமிர்த்துவதற்குள் சித்தி என்னை இழுத்துக்கொண்டு மாடிப்படிக்குக் கீழிருந்த இருட்டறைக்குள் போய், என்மேல் கவிழ்ந்து படுத்துவிட்டார். அவருடைய நெஞ்சு அடித்த அடியை என் முதுகில் உணர்ந்தேன். "அது கோல், சித்தி" என்று நான் சொன்னதை அவர் கேட்கவேயில்லை.

கொஞ்ச நேரத்தில் கதவு தட்டப்பட்டது. பக்கத்து வீட்டு டோரீன். அறுபதைத் தாண்டிய, கட்டையான, பச்சையும் வெள்ளையுமான கம்பளிக் கழுத்துப்பட்டி சுற்றிய ஆங்கிலேயப் பெண்மணி. இடைவேளைக்கு வீட்டுக்கு ஓடிவந்து கால் ஏலாத கணவர் லென்னுக்குத் தேநீர் கொடுத்துவிட்டு, அந்தச் சந்தோஷத்தை யாரிடமாவது சொல்லவேண்டும் போலிருந்ததால் எங்கள் கதவையும் தட்டியிருக்கிறார். படிக்குக் கீழிருந்து தூசியோடு வெளியே வந்த எங்களைப் பார்த்ததும் அவருக்கு ஏதோ விளங்கியிருக்கவேண்டும். சித்தியின் கையைப் பிடித்துக் கூட்டிப்போய், பின்வளவில் கிடந்த ஒரு மர வாங்கின்மேல் ஏற்றிவிட்டார். மதிலுக்கு மேலால், கூரைக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு கையகல இடைவெளி. இடைவேளை முடிந்து ஆட்டம் தொடங்கியதும் அதற்குள் பச்சைப் புல்லும் ஓடுகிற கால்களும் தெரிந்தன.

"இதுக்கே இந்தச் சத்தம்?" என்று சித்தி என்னைக் கேட்டார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணால் தண்ணீர் வரும்வரை சிரித்தார். லண்டனுக்கு வந்தபின் அவர் முதன்முதலாகச் சிரித்தது அன்றுதான்.

அடுத்த ஆட்டத்துக்கு டோரீன் சித்தியைத் தன்னோடு கூப்பிட்டார். லென் முன்பு நின்ற இடம் வெறுமையாய் இருக்கிறது, அதைப் பார்க்கத் தனக்குப் பிடிக்கவில்லை என்றார். அப்பாவுக்கு விருப்பமில்லை.

"பொம்பிளையள் போற இடமே அது? குடிச்சுப்போட்டு நிப்பாங்கள்."

"போகட்டும் விடுங்கோ. வந்த நாளில இருந்து சிரிக்காத பிள்ளை சிரிச்சிருக்கிறாள்," என்றார் அம்மா. அப்பா தன் கோட்டை எடுத்துச் சித்தியிடம் நீட்டினார். மொழிபெயர்க்க ஆள் வேண்டும் என்று நானும் ஒட்டிக்கொண்டேன்.

எங்கள் கிளப் (அந்த நாளிலிருந்தே அது எங்களுக்கு "எங்கட கிளப்" ஆகிவிட்டது) நெடுங்காலம் கீழ்ப்பிரிவுகளில் கிடந்துவிட்டு, அந்த வருடம்தான் நாட்டின் முதலாம் பிரிவுக்கு ஏறியிருந்தது. பெரிய கிளப்புகளின் விளையாட்டுக்காரர்களைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள், இப்போது அதே ஆட்களை எங்கள் சந்துக்குள் பேருந்திலிருந்து இறங்கப் பார்த்தார்கள். வந்தவர்கள் பெரும்பாலும் எங்களைத் தோற்கடித்துவிட்டே போனார்கள். நாங்கள் போன முதல் ஆட்டத்திலேயே நாலு கோல் வாங்கினோம். கோல்கம்பத்துக்குப் பின்னால் இருந்த சீமெந்துப் படிகளில் எல்லோரும் நின்றபடி பார்ப்பார்கள். எனக்கு டோரீன் ஒரு பால் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதில் ஏற்றிவிட்டார். சேலைக்குமேல் அப்பாவின் கோட்டைப் போட்டிருந்த சித்தி கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஆட்டம் முடிந்து வரும் வழியில் சொன்னார்:

"எல்லாரும் பந்துக்குப் பின்னால ஓடுறாங்கள். வெறும் இடத்தில போய் நிக்க ஒருத்தரும் இல்லை. அந்த மூண்டாம் நம்பர் மட்டும்தான் தலையை நிமித்திப் பாக்கிறான்."

நான் அதை ஆங்கிலத்தில் சொன்னபோது டோரீன் நடுச்சந்தில் நின்றுவிட்டார். லென்னும் தொலைக்காட்சியைப் பார்த்து இதையேதான் மூன்று கிழமையாகக் கத்திக்கொண்டிருக்கிறாராம்.

மூன்றாம் நம்பர், இடது பக்கத்தில் தடுத்தாடுகிற கறுப்பின இளைஞன். மெலிந்த கால்கள், நீண்ட ஓட்டம். ஐப்பசியில் ஒரு ஆட்டத்தில், பந்து அவனிடம் போகும்போதெல்லாம் எங்களுக்குப் பின்னால் நின்ற ஒருவன் குரங்குபோலச் சத்தமிட்டான். அவன் அணிந்திருந்ததும் எங்கள் பச்சை வெள்ளைதான். டோரீன் திரும்பி, தேநீர்ப் போத்தலின் மூடியால் அவன் தலையில் ஒன்று போட்டார். அவன் திட்டினான்; சுற்றி நின்றவர்களில் சிலர் சிரித்தார்கள், சிலர் வேறெங்கோ பார்த்தார்கள். அவன் ஏன் அப்படிச் சத்தமிட்டான் என்று சித்தி என்னிடம் கேட்டார். நான் மூன்றாம் நம்பரைக் கையால் காட்டினேன். அவருக்கு விளங்கிவிட்டது. அடுத்த முறை பந்து மூன்றாம் நம்பரிடம் போனபோது, மைதானத்தில் அதுவரை வாய் திறக்காத சித்தி, வலைப்பந்து ஆடிய காலத்துக் குரலை எடுத்தார்:

"விடாதை! விடாதை, ராசா, விடாதை!"

படிகள் திகைத்துத் திரும்பின. அவன் பந்தை விடவில்லை. கரையோரமாக ஓடி, இருவரைத் தாண்டி, உள்ளே அடித்தான். நடுவில் நின்றவன் தலையால் தட்ட அது கோலானது. அன்றைக்கு நாங்கள் வென்றோம். அடுத்த ஆட்டத்தில் எங்களுக்கு முன்னால் நின்ற ஒரு கொழுத்த மீசைக்காரர் திரும்பி, அந்தச் சொல்லை இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார். மார்கழிக்குள் எங்கள் மூலையில் ஐம்பது அறுபது பேர் மூன்றாம் நம்பரைப் பார்த்து "விடாடே, விடாடே" என்று கத்தினார்கள். அது எந்த மொழி என்று பாதிப் பேருக்குத் தெரியாது.

குளிர் ஏறியது. கோட்டுக்குள் மூன்று சுவெற்றரும் சேலைக்குக் கீழே அப்பாவின் கால்சட்டையும் போட்டுக்கொண்டு சித்தி போய்வந்தார். தோற்றுவிட்டு வரும்போதும் வாய் ஓயவில்லை. பள்ளிக்கூடத்தில் நான் படித்ததைவிட வேகமாக அவர் ஆங்கிலம் படித்தார், அதில் சில சொற்களை வீட்டில் சொல்லக்கூடாது என்று நான் எச்சரிக்க வேண்டியிருந்தது.

தையில் சித்திக்கு ஒரு சம்பந்தம் வந்தது. வால்தம்ஸ்டோவில் தாயோடு இருந்த சிவநேசன். பகலில் ஒரு அலுவலகத்தில் வேலை, பின்னேரத்தில் கணக்கியல் படிப்பு. பெண் பார்க்கச் சனிக்கிழமை மூன்று மணிக்கு வருகிறோம் என்றார்கள்.

"ஞாயிறு வரச் சொல்லுங்கோ, அக்கா," என்றார் சித்தி. "சனி எங்களுக்கு ஆட்டம்."

அம்மா தலையில் கை வைத்தார். ஆனாலும் போனில் ஏதோ சமாளித்துச் சொன்னார், அவர்களும் ஞாயிறே வந்தார்கள். பலகாரத் தட்டுக்கு அந்தப் பக்கம் சிவநேசன் கூச்சத்தோடு இருந்தார். பெரியவர்கள் ஊர்க்கதையில் மூழ்கிய நேரம் பார்த்து மெல்லக் கேட்டார்.

"நேற்று உமக்கு ஏதோ ஆட்டமாம். என்ன நடந்தது?"

"தோத்திட்டம்."

"கவலையோ?"

"ஓம். ஆனா வாற கிழமையும் இருக்குத்தானே."

அவர் சிரித்துவிட்டார். போகும்போதே தாயிடம் சம்மதம் சொல்லிவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டோம்.

கலியாண நாளில்தான் சிக்கல். மண்டபத்துக்கும் ஐயருக்கும் முகூர்த்தத்துக்கும் ஒத்து வந்தது மே மாதத்து ஒரே ஒரு சனிக்கிழமை. அதுவே பருவத்தின் கடைசி ஆட்டம், எங்கள் மைதானத்தில். கடைசி மூன்று இடங்களுக்குள் நிற்பவர்கள் கீழ்ப்பிரிவுக்கு இறங்கவேண்டும். நாங்கள் அந்த மூன்றின் வாசலில் நின்றோம். வெல்லவும் வேண்டும், எங்களுக்கு மேலே நின்ற கிளப் வேறெங்கோ தோற்கவும் வேண்டும். சித்தி, "நாளைக் குறிச்சாச்சு, இனி என்ன" என்று மட்டும் சொல்லிவிட்டு, அன்றிரவு சாப்பிடாமல் படுத்தார். டோரீனுக்கும் மனக்கஷ்டம்தான், முப்பது வருடமாகக் கடைசி ஆட்டத்தைத் தவறவிடாதவர் அவர்.

ராகு காலம் கழிந்து, பதினொரு மணியளவில் தாலி கட்டியாயிற்று. டோரீன் தொப்பியும் கையுறையுமாக முன்வரிசையில் இருந்து, அட்சதையைப் பந்து எறிவதுபோல எறிந்தார். சோறு சாப்பிட்டுக் கை கழுவியதும் சித்தியிடம் வந்து கட்டிப்பிடித்து, தான் புறப்படுவதாகச் சொன்னார். சிவப்புக் கூறைச் சேலையும் நெற்றிச்சுட்டியுமாய் மணவறையில் இருந்த சித்தி, டோரீன் கதவைத் தாண்டும்வரை அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். தலைப்பாகையோடு பக்கத்தில் இருந்த சிவநேசன் சித்தப்பா அதைக் கவனித்தார்.

"எத்தினை மணிக்குத் தொடங்குது?"

"மூண்டுக்கு."

"மைதானம் இஞ்ச இருந்து எவ்வளவு தூரம்?"

சித்தி திரும்பி அவர் முகத்தைப் பார்த்தார். அவர் எழுந்து சால்வையைச் சரிசெய்தார். "வாரும், போவம்."

மண்டபம் அமளிப்பட்டது. பெரியப்பா குறுக்கே வந்து நின்றார். "தாலி கட்டின கையோட பந்தடி பாக்கவே போறியள்? விளக்கு வைக்க முதல் மாப்பிள்ளை வீட்டு வாசல் ஏறோணும்!"

"மே மாதம் லண்டனில விளக்கு வைக்க எட்டரை ஆகும், மாமா," என்றார் சித்தப்பா, மிக மரியாதையாக. முதலில் சிரித்தது அவருடைய தாய். அதன்பின் யாரும் மறிக்கவில்லை. சோடித்த காரின் முன்சீட்டில், தெருவில் மறித்து ஏற்றிய டோரீன், பின்னால் மணமக்கள், நடுவில் நான். அம்மா மறக்காமல் ஓடிவந்து அப்பாவின் கோட்டை யன்னலால் திணித்தார்.

வாசலில் இரும்புச் சுழல்கதவுக்காரர் எங்களைக் கண்டு எழுந்தே நின்றுவிட்டார். படிகளில் இருந்த கூட்டம் இரண்டாய்ப் பிரிந்து வழி விட்டது. யாரோ ஆங்கிலக் கலியாண ராகத்தை இழுக்க, மூலை முழுவதும் பாடியது. மீசைக்காரர் சித்தப்பாவின் கையைக் குலுக்கி, தலைப்பாகைக்குமேல் பச்சை வெள்ளைக் கழுத்துப்பட்டியைச் சுற்றிவிட்டார். சித்தப்பாவுக்கு ஆட்டத்தின் ஒரு விதியும் தெரியாது. எல்லோரும் கத்தும்போது கத்தினார், சில வேளை பிழையான கோலுக்கும்.

இரண்டுக்கு இரண்டு என்று நின்று, முடிய ஒரு சில நிமிடம் இருக்கும்போது மூன்றாம் நம்பர் தன் பாதியிலிருந்து பந்தை எடுத்துக்கொண்டு ஓடினான். படிகள் எல்லாம் "விடாடே" என்றன. அந்தப் பருவம் முழுவதும் ஒரு கோலும் அடிக்காதவன் அன்று அடித்தான். சித்தியின் ஒரு பக்கத்து ஜிமிக்கி கழன்று எங்கோ விழுந்தது, யாரும் தேடவில்லை. டோரீனும் சித்தப்பாவும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு துள்ளினார்கள்.

வென்றோம். ஆனால் ஊதல் ஊதி முடிந்தபோது, காதோரம் வானொலி வைத்திருந்தவர்களின் முகங்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. மற்றக் கிளப்பும் வென்றுவிட்டது. நாங்கள் இறங்கிவிட்டோம்.

அவ்வளவு பெரிய கூட்டம் அப்படிச் சத்தமின்றி நின்றதை நான் பிறகு கண்டதில்லை. புல்லில் மூன்றாம் நம்பர் முழங்காலில் இருந்தான். சித்தி மை கரைய அழுதார். தாலி கட்டி ஆறு மணி நேரத்துக்குள் மனைவி அழுவதைக் கண்டு திகைத்த சித்தப்பா, அவர் பக்கம் குனிந்து சொன்னார்:

"அழாதையும். வாற வருசம் திரும்ப ஏறிடுவம்."

"ஏறிடுவம்" என்றவுடன் சித்தி அவரை நிமிர்ந்து பார்த்தார். கண்ணைத் துடைத்துவிட்டு, புல்லைப் பார்த்து அந்தச் சொல்லைக் கத்தினார். ஒருவர், இருவர், பிறகு மூலை, பிறகு நாலு பக்கமும். மூன்றாம் நம்பர் எழுந்து எங்கள் பக்கமாக நடந்து வந்து, தலைக்குமேல் கை தட்டினான். நாங்கள் வால்தம்ஸ்டோ போய்ச் சேர்ந்தபோது வெளிச்சம் இருந்தது, மாப்பிள்ளையின் தாய் ஆலாத்தித் தட்டோடு வாசலில் நின்று, "என்ன, வெண்டியளோ?" என்றுதான் முதலில் கேட்டார்.

எங்கள் கிளப் திரும்ப ஏறவில்லை. தொண்ணூறுகளின் நடுவில் அந்த மைதானத்தை விற்றார்கள். தகரக் கூரையும் சீமெந்துப் படிகளும் போய், அந்த இடத்தில் மாடிக் குடியிருப்புகள் வந்தன. லென்னும் டோரீனும் இல்லை. அந்தத் தெருவில் எங்களைத் தெரிந்தவர்களும் இல்லை. சனிக்கிழமைகளில் அங்கே இப்போது சத்தமே கிடையாது.

போன வருடம் சித்தியின் மகள் வீடு தேடியபோது, தற்செயலாக அந்தக் குடியிருப்பில் ஒன்றைப் பார்க்கப் போனோம். காட்டித்தந்த முகவர் இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க பையன். முன்பு இது வெறும் நிலம் என்றான். அறுபதைத் தாண்டிய சித்தி பல்கனியில் நின்று கீழே கார்கள் நிற்கும் இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அவனை அருகில் கூப்பிட்டு, கோல்கம்பம் நின்ற இடம், படிகள் இருந்த பக்கம், எந்த மூலையிலிருந்து யார் ஓடிவந்தான் என்று ஒவ்வொன்றாகக் கையை நீட்டிக் காட்டத் தொடங்கினார். மகள் சங்கடத்தோடு மணிக்கூட்டைப் பார்த்தாள். சித்தப்பா சிரித்துக்கொண்டு நின்றார். அடுத்து வீடு பார்க்க இருந்தவரின் அழைப்பை இரண்டு தரம் அணைத்துவிட்டு அந்தப் பையன் கேட்டுக்கொண்டேயிருந்தான்.

"அப்ப, கடைசியில யார் வென்றது?" என்று ஆங்கிலத்தில் கேட்டான்.

சித்தி யோசிக்கவேயில்லை.

"நாங்கள்தான்," என்றார்.