ஏழ்மையைப் பார்க்க வந்தவருக்கு விருந்து

நெய் வாசம் மூக்கில் ஏறினால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும். கல்யாணப் பந்தியில் நெய் ஊற்றுகிறவர் கரண்டியோடு வந்தால் இலையைக் கையால் மறைத்துக்கொள்வேன். உடம்புக்கு ஆகாதோ என்று பக்கத்தில் இருப்பவர்கள் விசாரிப்பார்கள். என் உடம்புக்கு ஒரு கேடும் இல்லை. ஒரு கரண்டி நெய்யால் என் காலேஜ் படிப்பு போயிற்று. அதுவும் எங்கள் வீட்டு நெய் அல்ல, இரவல் நெய்.

கேரள மாநிலம் உண்டான மறு வருஷம் அது. எங்கள் ஊர் சித்தூருக்குக் கிழக்கே, கோயமுத்தூர் எல்லையை ஒட்டி இருக்கிறது. சித்தூர் என்றதும் நெல்வயலும் தென்னந்தோப்பும் உங்கள் நினைவுக்கு வரலாம். அதெல்லாம் மேற்கே. வாய்க்கால் தண்ணீர் எங்கள் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது. எங்களுக்கு இருந்தது மழையை நம்பிய காடு. கடலையும் சோளமும் போடுவோம். முந்தின கோடையில் கிணறு வற்றிவிட்டது. ஆழப்படுத்த ஆள் இறக்கிய இடத்தில் ஒரு பக்கச் சுவர் அப்படியே சரிந்து உள்ளே விழுந்தது. நல்ல வேளை, ஆட்கள் மேலே ஏறிச் சோறு தின்றுகொண்டிருந்தார்கள். அதற்கப்புறம் தண்ணீர் இறைக்க வேலையில்லை என்று காளைகளையும் விற்றாயிற்று. பத்திரத்தில் மட்டும் அப்பா நிலத்துக்குச் சொந்தக்காரர்.

அந்த வருஷம்தான் நான் பள்ளிக்கூடத்து இறுதிப் பரீட்சையில் நல்ல மார்க் வாங்கித் தொலைத்தேன். டாக்டருக்குப் படிக்க வேண்டும் என்று ஆசை. சித்தூர் அரசாங்கக் காலேஜில் நான் கேட்ட சயன்ஸ் குரூப் நிரம்பிவிட்டது. பாலக்காட்டுப் பக்கம் ஒரு தனியார் காலேஜில் இடம் கிடைத்தது. அங்கே கட்ட வேண்டிய சம்பளம் அதிகம். ஆனால் வசதியில்லாத பிள்ளைகளுக்கு உபகாரச் சம்பளம் உண்டு என்று அவர்கள் அச்சடித்துக் கொடுத்த புத்தகத்தில் போட்டிருந்தது. உபகாரம் என்ற வார்த்தையை அப்போது நான் மரியாதையோடு வாசித்தேன்.

அப்பா அதிகம் பேசுகிறவர் இல்லை. சேர்த்துவிட்டு வரும் வழியில் பஸ்ஸிலேயே விஷயத்தை முடித்துவிட்டார்.

"சலுகை கெடச்சுதுன்னாப் படி அம்மிணி. இல்லீன்னா ஓணம் லீவோட ஊட்டுக்கு வந்துரோணும். என்னால ஆகாது."

அதில் கோபித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. அவரால் ஆகாது என்பது எனக்கே தெரியும். பெரியப்பா வேறு பொள்ளாச்சிப் பக்கம் ஒரு மாப்பிள்ளையைப் பார்த்து வைத்துக்கொண்டு, எப்போது ஊம் என்பார்கள் என்று காத்திருந்தார். ஆகவே அந்தச் சலுகை கிடைப்பதும் கிடைக்காததும்தான் என் தலையெழுத்து என்று ஆகிவிட்டது.

மனு இங்கிலீஷில் எழுத வேண்டும். அப்பா தமிழில் கையெழுத்துப் போட்டார். வில்லேஜ் ஆபீசில் வருமானச் சர்டிபிகேட்டை மலையாளத்தில் எழுதிக் கொடுத்தார்கள். நாங்கள் ஏழை என்பதை மூன்று பாஷையில் சொல்லியும் காலேஜுக்கு நம்பிக்கை வரவில்லை. இத்தனை ஏக்கர் காடு வைத்திருக்கிறவர் எப்படி ஏழை ஆவார் என்று ஆபீசில் கேட்டார்கள். கிணற்றைப் பற்றிச் சொன்னேன். மறுநாளே நேரில் ஒருவரை அனுப்பிப் பார்க்கச் சொல்வதாகச் சொன்னார்கள். எனக்கு அப்படியொரு சந்தோஷம். வந்து பார்க்கட்டும், சரிந்து கிடக்கிற கிணற்றைப் பார்த்தால் போதும், வாயைத் திறக்கவே வேண்டாம் என்று நினைத்துக்கொண்டு வீடு வந்தேன்.

காலேஜிலிருந்து ஆள் வருகிறார் என்று நான் சொன்ன நிமிஷமே அம்மா வீட்டைக் கூட்ட ஆரம்பித்துவிட்டாள். பெரியப்பா வீட்டிலிருந்து ஒரு நாற்காலி வந்தது. ஒரு கிண்ணம் நெய் வந்தது. மோர் கொடுக்க வெள்ளித் தம்ளர் வேண்டும் என்று அதை வாங்கிவர என்னையே அனுப்பினாள். பெரியம்மா பெட்டியைத் திறந்து எடுத்துக் கொடுத்தபடியே, ஏழை என்று எழுதிக் கேட்கிற வீட்டுக்கு வெள்ளித் தம்ளர் எதற்கு என்று கேட்டாள். பெரியம்மாவுக்கு நாக்கு கொஞ்சம் நீளம். ஆனால் அன்றைக்கு அவள் கேட்டது நியாயமான கேள்வி. அதை அப்படியே கொண்டுபோய் அம்மாவிடம் கேட்டேன்.

"ஏழைன்னா வந்தவங்களுக்குச் சோறு போடமாட்டாங்களா? அப்பறம் நாம என்ன மனுசங்க?" என்றாள் அம்மா.

தம்ளரை அவள் கையில் கொடுத்துவிட்டு நாற்காலியைத் துடைக்கப் போனேன்.

மறுநாள் காலையில் முட்டையிடுகிற கோழியைப் பிடித்து அடித்தாள். சந்தையில் அந்த முட்டையை விற்ற காசில்தான் நான் பஸ் ஏறிக்கொண்டிருந்தேன். இறகு பிடுங்கியது நான். நாங்கள் தினமும் தின்றது ராகிக் களி. அரிசிச் சோறு பண்டிகை, நோன்பு நாளைக்கு மட்டும். அன்றைக்கு அரிசி வெந்தது.

வந்தவர் அந்தக் காலேஜில் பொருளாதாரம் சொல்லிக் கொடுக்கிறவர். என் வகுப்புக்கு வருகிறவர் இல்லை, தூரத்தில் பார்த்திருக்கிறேன். வெளியூர்க்காரர், நம் வழக்கம் தெரியாதவர் என்றால் என் கோபம் பாதியாவது அடங்கியிருக்கும். அவரோ எங்கள் பேச்சைப் பேசுகிறவர், எல்லைக்கு அந்தப் பக்கத்து விவசாயக் குடும்பம். வேப்ப மரத்தடியில் நாற்காலியில் உட்கார்ந்ததும் அப்பாவும் அவரும் மழையைப் பற்றியும் கடலை விலையைப் பற்றியும் உறவுக்காரர்களைப் போலப் பேசிக்கொண்டார்கள். எந்த ஊரில் யார் யாருக்குச் சொந்தம் என்றெல்லாம் விசாரித்தார். கிணற்றைப் பார்த்துவிட்டு வந்துவிடலாங்களா என்று நான் ஒரு தடவை கேட்டேன். சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்றார்.

சாப்பிட்டார். பரிமாறினது நான்தான். சோற்றைக் குவித்து வைத்து, குழி செய்து, அம்மா சொன்னபடி நெய்யை ஊற்றினேன். குழம்பை ஊற்றினேன். மறுசோறு போட்டேன், வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. கடைசியில் தம்ளரில் மோர் வைத்தேன். அதைத் தூக்கிப் பார்த்து, வெள்ளிங்களா என்று கேட்டார். ஆமாங்க என்றார் அப்பா. அது பொய் இல்லை. யாருடைய வெள்ளி என்று அவர் கேட்கவில்லை, கேட்காததைச் சொல்லும் வழக்கம் அப்பாவுக்கு இல்லை. விருந்தாளி முன்னால் நான் வாயைத் திறக்கவும் முடியாது.

கை கழுவியதும் வெற்றிலை போட்டுக்கொண்டு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சித்தூர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினார். கிணறு எங்கள் வீட்டுக்குப் பின்னால், கூப்பிடு தூரம். வேலியைத் தாண்டினால் தெரியும். சாப்பிட்ட களைப்போ என்னவோ, அந்த நாலு எட்டு அவரால் வைக்க முடியவில்லை. அம்மா ஒரு பையில் பச்சைக் கடலை கட்டிக் கொடுத்தாள். அதையும் வாங்கிக்கொண்டார்.

ஓணத்துக்கு முந்தின வாரம் மனு போட்டவர்களை எல்லாம் காலேஜ் மானேஜர் அறைக்குக் கூப்பிட்டார்கள். மானேஜர் மலையாளி. தடித்த மனிதர், எதற்கும் சிரிப்பார். என் முறை வந்ததும், வந்துபோனவர் எழுதிக் கொடுத்த காகிதத்தைப் பார்த்துவிட்டு, எங்கள் வீட்டில் வெறும் நாளிலேயே அரிசிச் சோறும் கோழியும் நெய்யும் வெள்ளித் தம்ளரில் மோரும் என்று மலையாளத்தில் சொல்லிக்கொண்டே வந்தார். இதுதான் தரித்திரம் என்றால் தனக்கும் கொஞ்சம் தரித்திரம் கிடைத்தால் தேவலை என்றார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். வெறும் நாள் இல்லை, விருந்தாளி வந்த நாள் என்று எனக்குத் தெரிந்த மலையாளத்தில் சொல்லிப் பார்த்தேன். அதற்குள் அடுத்த பையனைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அழுகை வரவில்லை. நேராக ஆசிரியர்கள் உட்காரும் அறைக்குப் போனேன். பெண்பிள்ளைகள் அந்த வாசல் பக்கம் போய் நின்றாலே தப்பு என்கிற காலம். பொருளாதாரக்காரர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து வெளியே வந்தார். அவருக்கும் விஷயம் புரிந்திருக்க வேண்டும்.

"சார், அந்த நெய்யி எங்க பெரியப்பா ஊட்டுதுங்க. தம்ளரும் அவங்களுதுங்க. நீங்க உக்காந்த நாற்காலியும் அவங்களுதுதானுங்க," என்றேன். "உங்கூட்டுலயும் விருந்தாளி வந்தா இப்படித்தானுங்களே செய்வாங்க?"

அவர் இல்லை என்று சொல்லியிருந்தால்கூட மன்னித்திருப்பேன்.

"செய்வாங்கதாம்மா," என்றார். "ஆனா கண்ணுல பட்டதைத்தான் நான் எழுத முடியும்."

"கெணறும் கண்ணுல படற எடத்துலதானுங்க இருக்குது," என்றேன்.

அவர் தரையைப் பார்த்தார். அடுத்த வருஷம் திரும்பவும் மனு போடச் சொன்னார். வேண்டுமானால் தானே மறுபடி வந்து பார்ப்பதாகவும் சொன்னார். இன்னொரு கோழிக்கு எங்கே போவோம் என்று கேட்க நினைத்தேன். கேட்காமல் திரும்பி நடந்துவிட்டேன்.

அந்த மனிதர் கெட்டவர் என்று யாரும் சொன்னதில்லை. பிள்ளைகளிடம் பிரியமாக இருப்பாராம். எனக்கு அதனால் ஆகப்போவது என்ன? தெரியாமல் எழுதுகிறவனுக்குத் தெரியப்படுத்தலாம். தெரிந்துகொண்டே எழுதுகிறவனை என்ன செய்வது? இலையில் இருந்ததை எல்லாம் எழுதினார். அது எப்படி இலைக்கு வந்தது என்பது அவருடைய பாடத்தில் இல்லை போலிருக்கிறது.

ஓணம் லீவு விட்ட அன்று புத்தகங்களை வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. காலேஜிலேயே ஒரு தோழியிடம் கொடுத்துவிட்டு வெறும் கையோடு வீடு வந்தேன். கிடைக்கவில்லை என்று மட்டும் சொன்னேன். அப்பா எழுந்து காட்டுப் பக்கம் போய்விட்டார். அம்மா என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"மோரு புளிச்சிருந்துதா கண்ணு?"

எனக்கு முதலில் புரியவில்லை. வந்தவருக்கு விருந்தில் ஏதோ குறை, மனசு கோணித்தான் எழுதாமல் விட்டுவிட்டார் என்று அவள் முடிவு செய்துவிட்டாள். அரிசி சரியாக வெந்ததா, கோழி முற்றலா, கடலைப் பையை இன்னும் பெரிதாகக் கட்டியிருக்க வேண்டுமோ என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, கடைசியில் மறுபடியும் மோரிலேயே வந்து நின்றாள். நான் இல்லை என்று தலையை ஆட்டினேன். உன் விருந்தில் குறை இல்லை, நிறைவாக இருந்ததுதான் குறை என்று பெற்றவளிடம் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

தை மாசம் பொள்ளாச்சி மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்டினேன். நல்ல மனிதர், அவர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. குழந்தைகள் பிறந்து, அவர்களை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போகும்போதெல்லாம் டாக்டரின் நாற்காலியையும் மேஜையையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் உட்காருவேன். அதெல்லாம் எல்லோருக்கும் இருக்கிற வயிற்றெரிச்சல், அதை விடுங்கள்.

விட முடியாதது அம்மா விஷயம். சாகிற வரைக்கும் அவள் அந்த மோரை மறக்கவில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும் மோரைக் கையில் ஊற்றி நக்கிப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பாள். கடைசியாகப் படுத்திருந்தபோதுகூட, அன்னிக்கு மட்டும் மோரு புளிக்காம இருந்திருந்தா நீ டாக்டராகி என்னைப் பார்த்துக்குவே என்றாள்.

மோர் புளிக்கவில்லை அம்மா. அந்த ஆள் இரண்டாவது தடவையும் தம்ளரை நிரப்பச் சொல்லிக் குடித்தான்.