நூறு ஜதை செப்பு

திருப்பதியில் கோவிந்தராஜ சாமி கோயிலுக்குப் பக்கத்துச் சந்தில் போய் கங்கம்மாள் கடை எது என்று கேட்டால், அந்தக் காலத்தில் எல்லோரும் கை காட்டுவார்கள். கடை என்பது கொஞ்சம் பெரிய வார்த்தைதான். ஒரு சாக்கு, சாக்கின்மேல் வைக்கோல், வைக்கோலின்மேல் பிள்ளைகள் சோறாக்கி விளையாடும் மண் செப்புகள். விரல் உயரத்துக்கு ஓர் அடுப்பு, அதன்மேல் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு சட்டி. இரண்டும் சேர்ந்தால் ஒரு ஜதை. ஜதையைப் பிரித்துக் கொடுக்கவே மாட்டாள். சட்டி மட்டும் போதும் என்று எவராவது கேட்டால், "அடுப்பில்லாத சட்டிய இன்னா பண்ணுவ, தலையில கவுத்துக்குவியா?" என்பாள். வாங்கினவர்களுக்குக் கொசுறாக ஒரு மண் கரண்டி உண்டு.

மலையிறங்கி வருகிற சனம் லட்டு ஒரு கையிலும் கங்கம்மாளின் செப்பு ஒரு கையிலுமாக ரயிலேறும். "எஞ் சட்டி பார்க்காத ஊரு கீதா?" என்று அவள் கேட்டால் பதில் சொல்ல ஆள் கிடையாது. சத்தியவேட்டுப் பக்கம் வரதய்யபாளையத்தில் பிறந்து, திருத்தணிப் பக்கத்துக் குயவர் வீட்டு அப்பாவுவுக்கு வாழ்க்கைப்பட்டு, மழை பொய்த்த ஒரு வருஷத்தில் பிழைக்க வழி தேடி இந்த ஊருக்கு வந்தவள். வந்த முதல் சனிக்கிழமை கொண்டுவந்த கூடை மத்தியானத்துக்குள் காலியானது. அன்று ஆரம்பித்த பழக்கம், காலையில் சாக்கை விரிக்குமுன் மலையைப் பார்த்து ஒரு கும்பிடு போடுவாள், திரும்பி நின்று தெருவைப் பார்த்து இன்னொரு கும்பிடு போடுவாள். மலைக்குக் கும்பிடு போடுகிறவர்கள் லட்சம் பேர் இருப்பார்கள். ஊருக்குப் போட்டவள், நான் கேள்விப்பட்டவரையில், அவள் ஒருத்திதான்.

ஆனால் அப்பாவுவுக்கு ஊர் கசந்துபோயிருந்தது. சக்கரத்தில் பானை வனைவதில் கெட்டிக்காரன், வாயைத் திறந்தால் ரோஷக்காரன். ஆந்திரா தனி மாநிலம் ஆனதிலிருந்து பலகை, நோட்டீசு, மனு எல்லாம் தெலுங்கு. எழுத்துக் கூட்டிப் படிக்க எப்படியோ கற்றுக்கொண்டுவிட்டான். பேசத்தான் வரவில்லை. ஒருநாள் விறகுக் கடையில் அவன் தெலுங்கில் எதையோ கேட்க, நின்றிருந்த நாலு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டார்கள். அதிலிருந்து அந்தப் பக்கமே போவதில்லை. விறகுக்கும் கங்கம்மாள்தான் போகவேண்டும்.

அந்த நேரம் பார்த்துத்தான் எல்லை பிரித்தார்கள். ஏப்ரல் முதல் தேதியிலிருந்து திருத்தணி மதராசுக்கு, சத்தியவேடு பக்கம் ஆந்திராவுக்கு என்று முடிவாயிற்று. "பொறந்த ஊடு இந்தாண்ட வருது, புகுந்த ஊடு அந்தாண்ட போவுது. நானு குந்தின எடத்துலயே குந்திக்கினு கீறேன்" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள் கங்கம்மாள். அப்பாவு சிரிக்கவில்லை. அவன் அண்ணன் தணிகாசலம் ஊரிலிருந்து ஆள் அனுப்பியிருந்தார். இனிமேல் இங்கே எல்லாம் நம்ம பாஷை, ஏரிக்கரையில் இடம் பார்த்து வைத்திருக்கிறேன், சூளை போட்டுக்கொள்ளலாம், மூன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை வண்டி கட்டிக்கொண்டு வருகிறேன் என்று சேதி.

"அங்க எஞ் செப்ப யாருய்யா வாங்குவா? ஏரிக்கரத் தவளையா?" என்றாள் கங்கம்மாள்.

"வாயத் தொறந்தா சிரிக்கிற ஊர்ல எத்தினி நாளுமே இருக்கச் சொல்ற?"

அவளுக்கோ இது சோறு போட்ட ஊர். பெயர் தெரியாத சனமெல்லாம் அவள் சட்டியைத் தடவிப் பார்த்து "பாகுந்தம்மா", நன்றாக இருக்கிறது அம்மா, என்று சொல்லிவிட்டுப் போகிற ஊர். இதை விட்டுப் போவதை நினைத்தாலே அவளுக்குக் கை மண்ணில் ஓடவில்லை.

அப்படி இருக்கையில் ஒருநாள், அவள் மண் எடுக்கப் போயிருந்த சமயம், கடையில் ஒரு சீட்டு வந்து கிடந்தது. பக்கத்தில் பூ விற்கும் கமலம்மாதான் வாங்கி வைத்திருந்தாள். கொடுத்தவர் குண்டூர்ப் பக்கத்து மனிதர், புதிதாக மாற்றலாகி வந்தவர், பேர் ரங்கையா என்றாள். சீட்டு தெலுங்கில் இருந்தது. அப்பாவு விளக்குப் பக்கம் பிடித்துக்கொண்டு எழுத்துக் கூட்டினான்.

"மட்டி செப்புலு... சின்னவி... நூறு ஜதலு... சனிவாரம் காவாலி. ரெண்டாந் தேதி போட்டுருக்குது."

"மண் செப்பு! சின்னதா! நூறு ஜதை! சனிக்கெழம வேணுமாம்!" கங்கம்மாள் கூவினாள். "அட என் ஏழுமலையானே! பாருய்யா, தெலுங்குக்காரரு, ஒரே ஆளு, நூறு ஜதை கேக்குறாரு. இந்த ஊருக்கு நாம வாணாம்னா இது வருமா?"

அப்பாவு கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்தான். "சரி, ஒண்ணு பண்ணுவோம். இது நல்லபடியா முடிஞ்சா இங்கியே கெடப்போம். எதுனா கோளாறு ஆச்சு, அண்ணன் வண்டி வந்ததும் ஏறிடணும். அப்பறம் மூக்க சிந்தக்கூடாது."

"சிந்தல" என்று அவன் கையில் அடித்துக் கொடுத்தாள்.

இருபது நாள் அவள் மண்ணோடு மண்ணாகக் கிடந்தாள். செப்பு சக்கரத்தில் வராது, விரலால் பிடிக்கவேண்டும். கூழாங்கல்லால் தேய்த்துத் தேய்த்து, காவி பூசி, சூளையிலிருந்து எடுத்தால் ஒவ்வொன்றும் மாதுளம்பூ நிறம். மலைமேல் சாமிக்கே மண்சட்டியில்தான் நைவேத்தியம், அதைச் செய்கிற குயவர் இனத்தில் பிறந்த கையாக்கும் என்று அவளுக்கு ஒரு பெருமை எப்போதும் உண்டு. அந்த நூறு ஜதையைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பெருமை நியாயம்தான் என்று பட்டது.

புதன்கிழமை காலை ரங்கையா வந்தார். வெள்ளை வேட்டி, நெற்றியில் நாமம், ஐம்பதை ஒட்டின வயசு. கங்கம்மாள் வாயெல்லாம் பல்லாகக் கூடையைத் திறந்து காட்டினாள். அவர் ஓர் அடுப்பை எடுத்துப் பார்த்தார். சட்டியை எடுத்துப் பார்த்தார். கூடைக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு தம் வலது காலைத் தூக்கி, விரலால் தொட்டுக் காட்டி, "செப்புலம்மா, செப்புலு!" என்றார்.

கங்கம்மாள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். தெலுங்கில் செப்புலு என்றால் செருப்பு. இது அந்த ஊரில் நாலு வயசுப் பிள்ளைக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். ஆனால் மண்ணில் செருப்பு கேட்பான் என்று எந்த மகராசன் நினைப்பான்? மண் என்று வந்தால் செப்பு, செப்பு என்று வந்தால் அடுப்பும் சட்டியும். அவள் புத்தி அந்தத் தடத்தைவிட்டு இறங்கவே இல்லை.

ரங்கையா கோபித்துக்கொள்ளவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. அவர் மனைவி ஜெயம்மாவுக்கு ஒரு காய்ச்சலில் கால் விழுந்து மூன்று வருஷம். திரும்ப நடந்தால் மலையடிவாரத்து அலிபிரிக்கு நடந்தே வந்து, மலையேறுகிற நூறு பேருக்கு மண்ணால் செய்த பாதரட்சை ஜதை கொடுக்கிறேன் என்று வேண்டுதல். தை மாசத்திலிருந்து நடக்கிறாள். சனிக்கிழமை வேண்டுதலைத் தீர்க்கவேண்டும். "போனீலேம்மா", போகட்டும் அம்மா, என்று சொல்லிவிட்டு, பூ கொடுத்துச் சமாளித்துக்கொள்ளலாம் என்று அவர் எழுந்தார்.

கங்கம்மாள் குறுக்கே போய் நின்றாள். "அன்னய்யா, சனிக்கெழம காலையில அலிபிரிக்கு நேரா வந்துடுங்க. செப்புலு அங்க இருக்கும்."

அவர் போனதும் அப்பாவு மெல்லச் சொன்னான். "கோளாறு ஆயிடுச்சு."

"படிச்சது யாருய்யா?"

"எழுத்ததான் நானு படிச்சேன். அர்த்தம் பண்ணிக்கினது நீ."

"இன்னும் மூணு நாளு கீது. சனிக்கெழம தாண்டட்டும், அப்பறம் சொல்லு கோளாறுன்னு."

அப்பாவுவின் முகம் சிவந்தது. "செருப்புமே! சோறாக்குற மண்ணுல செருப்பா? எங்கப்பன் பாட்டன் செஞ்சானா? நாலு பேரு கேட்டா செருப்பு செஞ்சவன்னு சொல்லமாட்டான்?"

"அலிபிரியில சாமி செருப்ப எங்கய்யா வெக்கிறாங்க?" என்று கேட்டாள் கங்கம்மாள். "தலையில வெச்சிக்கினு கோயில சுத்துறாங்க. பெரிய மனுசன், சின்ன மனுசன் எல்லாம் தலையில வெச்சிக்கினு சுத்துறான். மூணு வருசம் நடக்காத பொம்பள நடந்து வரப்போறா. வெறுங் கூடையவா காட்டச் சொல்ற?"

அவன் கொல்லைப்பக்கம் போய்விட்டான். அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச நேரத்தில் சளப் சளப் என்று சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால், அப்பாவு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மண்ணை மிதித்துக்கொண்டிருக்கிறான்.

"அளவு இன்னாமே?" என்றான், திரும்பிப் பார்க்காமல். அவள் கட்டைவிரலைக் காட்டினாள்.

செய்யத் தொடங்கினபோதுதான் சங்கடம் தெரிந்தது. அப்பாவு வெட்டிப் போட்ட முதல் நாற்பதும் வலது காலாகவே இருந்தன. காலமெல்லாம் உருண்டையாக வனைந்தவன், சட்டிக்கு இடது வலது ஏது? கங்கம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்தால் அவனுக்கு ரோஷம் வராது, அதுவும் ஓர் அதிசயம்தான். அப்புறம் தன் இடது காலை மண்ணில் வைத்துப் பார்த்துப் பார்த்து வெட்டினான். வெயிலில் வைத்ததும் தட்டையான மண் அப்பளம்போல் நுனி தூக்கிக்கொண்டது. மணல் பரப்பி, அதில் படுக்கவைத்து, மேலே ஈரச்சாக்கு போட்டு, திருப்பித் திருப்பிக் காயவைக்கச் சொன்னதும் அவன்தான். வார் வைத்தால் ஒடிந்தது. "சாமி பாதரட்சைக்குக் குமிழ்தானே?" என்று கடலை அளவு மண் உருட்டிக் கட்டைவிரல் இடத்தில் அழுத்தினான். நன்றாக இருந்தது. உடைந்தால் ஈடாகட்டும் என்று முப்பது ஜதை கூடவே செய்தார்கள்.

வெள்ளிக்கிழமை சூளை மூட்டினார்கள். அன்றைக்குத்தான் ஏப்ரல் முதல் தேதி, திருத்தணி மதராசோடு சேர்ந்த நாள். கங்கம்மாளுக்கு அதெல்லாம் நினைப்பில் இல்லை. வரட்டி சரியாகப் பிடிக்கிறதா என்பதிலேயே கண். சனிக்கிழமை விடியலில் சாம்பலைக் கிளறினபோது நூற்றுமூன்று ஜதை முழுசாக இருந்தன. அவள் சாம்பல் கையோடு மலையைப் பார்த்துக் கும்பிட்டாள்.

அலிபிரிக்கு இரண்டு கூடை போயிற்று. ஒன்றில் செருப்பு, இன்னொன்றில் வீணாய்ப்போன அந்த நூறு ஜதை செப்பு. அடிவாரத்தில் விற்றுவிட்டு வரலாம் என்று கங்கம்மாள்தான் எடுத்துக்கொண்டாள். ஜெயம்மா வந்தாள். புருஷன் தோளைப் பிடித்திருந்தாலும் தன் காலால் நடந்து வந்தாள். மண் பாதரட்சையை ஒரு ஜதை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள். பிறகு பக்கத்துக் கூடையைப் பார்த்து, அது என்ன என்று கேட்டாள். ரங்கையா நடந்ததைச் சொன்னார். சொல்லும்போது அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

ஜெயம்மா சிரிக்கவில்லை. ஓர் அடுப்பையும் சட்டியையும் எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. அவள் தெலுங்கில் சொன்னதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்:

"மூணு வருஷம் அடுப்புகிட்ட நிக்க முடியாம, ஊர்க்காரங்க போட்ட சோத்தைத் தின்னேன். காலைக் குடு சாமின்னு எதுக்குக் கேட்டேன்? அடுப்புகிட்ட போகத்தானே? நான் காலை மட்டும்தான் கேட்டேன். அவன் உன் கையால அடுப்பையும் சேர்த்து அனுப்பியிருக்கான்."

இரண்டு கூடையும் தனக்குத்தான் என்று சொல்லிவிட்டாள். மலையேறுகிறவர்களுக்கு ஆளுக்கொரு செருப்பு ஜதை, ஆளுக்கொரு செப்பு ஜதை. கூடையைப் பிடித்துக்கொண்டு நின்றவன் அப்பாவு. ஒரு பெரியவர் பாதரட்சையை வாங்கித் தம் தலையில் வைத்தார், அப்புறம் அப்பாவு தலையிலும் வைத்து, "நுவ்வு சேசினாவா?" என்று கேட்டார். நீ செய்ததா என்று அர்த்தம். அப்பாவு தனக்குத் தெரிந்த ஓட்டைத் தெலுங்கில் மண் எங்கே எடுத்தது, எப்படிக் காயவைத்தது, இடது கால் எப்படி வந்தது என்று சொல்லத் தொடங்கினான். நிறுத்தவே இல்லை. சுற்றி நின்று பத்துப் பேர் கேட்டார்கள், ஒருவரும் சிரிக்கவில்லை. கங்கம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் சொன்னபடி தணிகாசலம் வண்டியோடு வந்துவிட்டார். சாமான் எதுவும் கட்டவில்லை. கங்கம்மாள் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டிருந்தாள். நேற்று நடந்தது நல்லபடியா, கோளாறா, அதைச் சொல்லவேண்டியவன் இன்னும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"இன்னாடா, கெளம்பலியா?" என்றார் தணிகாசலம்.

அப்பாவு தலையைச் சொறிந்தான். "எப்பிடி அண்ணா வர்றது? செருப்ப வுட்டுட்டேன்."

தணிகாசலம் அவன் காலைப் பார்த்தார். பிறந்ததிலிருந்து செருப்பே காணாத கால் அது. "நீ என்னிக்குடா செருப்பு போட்ட?"

"நூறு ஜதை கீது அண்ணா, எங் கையால செஞ்சது. எல்லாத்தையும் அலிபிரியில குடுத்தாச்சு. அத்தினியும் இங்க வுட்டுட்டு வெறுங்காலோட எங்க வரச் சொல்ற?"

தணிகாசலத்துக்கு ஒன்றும் புரியவில்லை. தம்பி பெண்டாட்டி ஏன் சிரித்துக்கொண்டே அழுகிறாள் என்பதும் புரியவில்லை. கதை முழுக்கக் கேட்டு, சோறு தின்று, "சரி, நல்லா இருங்கடா" என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினார். கங்கம்மாள் ஓடிப்போய் ஒரு ஜதை செப்பை வைக்கோல் சுற்றி அவர் மடியில் வைத்தாள். கொசுறு கரண்டி ஒன்றுக்கு இரண்டாகப் போட்டாள்.

திங்கட்கிழமை காலை அவள் சாக்கை விரிக்கப் போனபோது அப்பாவுவும் கூடவே வந்தான். விறகுக் கடைக்குப் போகிற வழியாம். அவள் மலையைப் பார்த்துக் கும்பிட்டாள், திரும்பித் தெருவைப் பார்த்துக் கும்பிட்டாள். பக்கத்தில் பார்த்தால், அவனும் தெருவைப் பார்த்துக் கையெடுத்துக்கொண்டிருந்தான்.